மாலத்தீவுக்குப் போகிற விருந்தாளி யார் வீட்டில் சாப்பிடுகிறார்?

(கூட்டமைப்பின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.)



வங்கி இணைப்பு, தணிக்கை எல்லாம் மதியத்துக்கு மேல்தான். அதற்கு முன்னால் ஒரு கதை. கதை என்றாலும் நம் கடன் மனுவோடு சம்பந்தப்பட்ட கதை.

போன கூட்டத்தில் கடலோரக் கிராமத்துக் குழு ஒன்று கொடுத்த மனு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு அக்கா வீட்டில் இரண்டு ரூம் கட்டி, கடல் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம், சமையலைக் குழுவே பார்த்துக்கொள்ளலாம், படகில் தீவுக்கும் கூட்டிப்போகலாம், அதற்கு 1,50,000 ரூபாய் கடன் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்குப் பாதிப் பேர் சிரித்தோம். "காசு கொடுத்து இங்க யாரு தங்க வருவா, கருவாட்டு வாடையை மோந்து பாக்கவா?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். அப்போது அந்தக் குழுவின் பிரதிநிதி எழுந்து சொன்னார்: "எம்மவன் மாலத்தீவுல ஓட்டல்ல வேலை பாக்குறான். அங்க மண்ணும் தென்னமரமும் கடலும்தான் இருக்காம். அதைப் பாக்க ஊர் உலகமெல்லாம் பிளேன் ஏறி வருதாம். நம்மகிட்டயும் அதுதானே இருக்கு?"

நியாயமான கேள்வி. சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. அதனால் மாலத்தீவில் இந்த விருந்தாளி வியாபாரம் எப்படி நடக்கிறது, அந்த ஊர்ப் பெண்களுக்கு அதில் என்ன வந்தது, என்ன போனது என்று நாங்கள் படித்தும், அங்கே வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளைகளிடம் கேட்டும் வந்திருக்கிறோம்.

தூத்துக்குடியிலிருந்து தென்மேற்கே கடலில் சுமார் 700 கிலோமீட்டர் போனால் மாலே. அதுதான் அவர்கள் தலைநகரம். தூத்துக்குடித் தோணிக்காரர்கள் வெங்காயம், காய்கறி, கட்டடச் சாமான் என்று பல காலம் அங்கே ஏற்றிப் போயிருக்கிறார்கள். அந்த ஊர்ப் படகுக்கும் பேர் தோணிதான். இளநீரை அவர்கள் குரும்பா என்கிறார்கள், நம் குரும்பை மாதிரியே. நம் பக்கம் சிலர் வீட்டில் வாங்கி வைக்கிற மாசிக் கருவாடு இருக்கிறதே, சூரை மீனை வேகவைத்துப் புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்தது, அது அந்த ஊர்ச் சரக்கு. பல தலைமுறையாக அதைக் காயப்போட்டதும், தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரித்ததும் பெண்கள்தான்.

அங்கே மலை கிடையாது. ஆறு கிடையாது. கிட்டத்தட்ட 1,190 தீவுகள், எல்லாமே பவளத்தீவுகள். முருகைக்கல் என்று நம் கடற்கரையில் சொல்கிறோமே, அதுதான். அது கல் இல்லை. கடுகு, பட்டாணி அளவில் இருக்கும் ஒரு உயிர், தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு கட்டிக்கொண்டே போகிறது. ஒன்று செத்தால் அதன் மேல் இன்னொன்று. ஆயிரக்கணக்கான வருஷம் அப்படிக் கட்டின பாறை உடைந்து, அரைந்து மணலாகி, அலை அதைக் குவித்துத் தீவாகிறது. கிளி மூக்கு மாதிரி வாய் உள்ள ஒரு மீன் அந்தப் பாறையைச் சுரண்டித் தின்று மணலாகக் கழிக்கிறது. மாலத்தீவில் ஒரு தீவைச் சுற்றி ஆராய்ச்சி பண்ணினவர்கள், புதிதாகச் சேருகிற மணலில் பெரும்பகுதி இந்த மீன் போடுவதுதான் என்று கண்டார்கள். பிளேன் ஏறி வந்து வெள்ளை மணலில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ!

அந்த நாட்டிலேயே இயற்கையாக உயர்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 2.4 மீட்டர்தான். நம் வீட்டு நிலைப்படியைவிடக் கொஞ்சம் உயரம். 2004 சுனாமியில் 80 பேருக்கு மேல் செத்தார்கள். கந்தோலுதூ என்ற தீவு வாழவே முடியாமல் போய், மொத்த சனத்தையும் வேறு தீவில் குடியமர்த்தினார்கள். அந்த நாளைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இப்போது விருந்தாளி விஷயத்துக்கு வருவோம்.

1972 தொடக்கத்தில் இத்தாலி நாட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தங்க ஓட்டல் ஏது? மாலேயில் ஆட்களின் வீடுகளில்தான் தங்கினார்கள். ஆக, மாலத்தீவின் முதல் விருந்தாளிகள் சாப்பிட்டது ஊர்க்காரர்கள் வீட்டில். அதே வருஷம் அக்டோபரில், ஆள் குடியில்லாத ஒரு தீவில் குரும்பா என்ற பெயரில் முதல் ஓட்டல் திறந்தார்கள். 30 ரூம். முருகைக்கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. அதற்குப் பிறகு ஒரு தீவுக்கு ஒரு ஓட்டல் என்று வழக்கமாகிவிட்டது. சனம் குடியிருக்கிற தீவு தனி, விருந்தாளி தீவு தனி.

ஏன் அப்படி? அது முழுக்க முஸ்லிம் நாடு. சனம் இருக்கிற தீவில் மது கூடாது, உடை விஷயத்திலும் கட்டுப்பாடு உண்டு. வருகிறவர்களோ கடற்கரையில் அரைகுறை உடையில் கிடக்கணும், மதுவும் குடிக்கணும் என்று வருகிறவர்கள். இரண்டையும் பிரித்து வைத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை, காசும் வரும் என்று அரசாங்கம் நினைத்தது. ஒரு வகையில் புத்திசாலித்தனம்தான். தீவுக் குத்தகை, வரி என்று அரசாங்கத்துக்கு வருமானம் வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தது. அதை மறைக்கக் கூடாது.

ஆனால் பெண்கள் பக்கம் இருந்து பாருங்க. ஓட்டல் தீவில் வேலை என்றால் வீட்டை விட்டு, மாசக்கணக்கில் அங்கேயே தங்கிப் பார்க்கணும். பொம்பளைப் பிள்ளையை அங்கே அனுப்ப வீட்டில் விடவில்லை. ஆம்பளைகள் போனார்கள். போதாததற்கு இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் என்று வெளியிலிருந்து ஆள் வந்தார்கள். நம் பிரதிநிதி அக்கா மகன் போனதும் அப்படித்தான். முட்டையும் தக்காளியும்கூட வெளிநாட்டிலிருந்து நேராக ஓட்டல் தீவுக்கு இறங்கியது. பக்கத்துத் தீவில் இருக்கிற பெண்ணுக்கு ராத்திரி ஓட்டல் விளக்கு கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு ரூபாய் அவள் கைக்கு நேராக வராது. இது ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை அக்கா, முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல் இப்படியே நடந்தது.

2009, 2010 வாக்கில் சட்டத்தை மாற்றினார்கள். குடியிருக்கிற தீவிலும் விருந்தினர் விடுதி வைக்கலாம் என்று வந்தது. இதில் பேர் வாங்கின ஊர் மாஃபுஷி. ஒண்ணேகால் கிலோமீட்டர் நீளம்தான். அதுவரை அந்த ஊர் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது அங்கே உள்ள ஜெயில்! 2010-ல் ஒரு சின்ன விடுதி ஆரம்பித்தது. பார்த்துப் பார்த்து அடுத்தடுத்த வீடுகளும் ஆரம்பித்தன. இன்றைக்கு நாடு முழுக்க இப்படி விடுதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரிய ஓட்டலில் ஒரு ராத்திரி தங்குகிற காசுக்கு இங்கே பல நாள் தங்கலாம் என்பதால் நடுத்தரச் சம்பளக்காரர்களும் வருகிறார்கள்.

அங்கே தங்குகிறவர் காலையில் எழுந்தால் மாஸ் ஹுனி. சூரை மீனை உதிர்த்து, துருவின தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு போட்டுக் கையால் பிசைந்தது. கூட ரோஷி, நம் சப்பாத்தி மாதிரி. இதற்குப் பெரிய சமையல்காரர் வேண்டாம், அந்த வீட்டு அம்மா போதும். அப்புறம் படகில் கூட்டிப்போய், மூஞ்சியில் கண்ணாடி மாட்டிவிட்டுப் பவளப்பாறையையும் மீனையும் பார்க்க விடுகிறார்கள். ஆமை பார்க்கலாம், சுறா பார்க்கலாம். 2010-லேயே அந்த நாடு முழுக்கச் சுறா பிடிக்கத் தடை போட்டுவிட்டார்கள். சுறா பிடித்துப் பிழைத்தவர்களுக்கு அது கஷ்டம்தான். ஆனால் செத்த சுறா ஒரு தடவைதான் காசு, உயிரோடு இருக்கிற சுறாவைத் தினமும் காட்டலாம் என்பது அவர்கள் கணக்கு.

வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்பதால் பெண்கள் இதில் வந்தார்கள். சமையல், துணி வெளுப்பு, கணக்கு எழுதுவது, சிலர் விடுதிக்கே சொந்தக்காரி. ராத்திரி தன் வீட்டில் தன் பிள்ளையோடு தூங்கலாம். எங்களுக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. 1972-ல் போன விருந்தாளி, சுற்றிச் சுற்றித் திரும்பவும் ஊர்க்காரர்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்.

இத்தோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் நாங்கள் கேட்டது அவ்வளவு மட்டும் இல்லை.

வந்தவர்களுக்குக் குளிக்க இடம் வேண்டுமே. ஊர்க் கடற்கரையில் அரைகுறை உடையோடு இருக்க முடியாது. அதனால் ஒரு பகுதியைத் தடுப்பு வைத்து மறைத்து, பிகினி பீச் என்று பலகை வைத்துவிட்டார்கள். கரையே கொஞ்சம்தான். அதில் நல்ல துண்டு விருந்தாளிக்குப் போய்விட்டது. "சாயங்காலம் பொம்பளைங்க பேசிக்கிட்டு உக்கார்ற இடம் அது" என்றால் அதற்கு என்ன வாடகை போடுவீர்கள்? எந்த நோட்டிலும் அந்தக் கணக்கு இருக்காது.

அடுத்தது தண்ணீர். இதை நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கடற்கரை மணலில் கையால் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும், இன்னும் ரெண்டு முழம் ஆழம் போனால் உப்புக் கரிக்கும், இல்லையா? பவளத்தீவிலும் அதேதான். பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீர் மேல் மெல்லிசாக மிதந்து நிற்கிறது. மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். கக்கூஸ் தண்ணீர் இறங்கினால் ஊர்க் கிணறு மொத்தமும் கெட்டுவிடும். அதனால் கடல் தண்ணீரை மெஷினில் நல்ல தண்ணீராக்குகிறார்கள். 2014 டிசம்பரில் மாலேயில் அந்த மெஷின் நிலையத்தில் தீப்பிடித்து, ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. நம் நாட்டிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் குடிதண்ணீர் போனது. சுற்றிலும் கடல், குடிக்கத் தண்ணீர் பிளேனில்! விருந்தாளி தினமும் இரண்டு வேளை குளிப்பார், துண்டும் படுக்கை விரிப்பும் துவைக்கணும். ரூம் வாடகையைக் கணக்குப் போடும்போது இந்தக் குடங்களையும் எண்ணணும்.

குப்பை இன்னொரு கஷ்டம். மாலேக்குப் பக்கத்தில் திலஃபுஷி என்று ஒரு இடம். 1990-களின் தொடக்கத்திலிருந்து குப்பையைக் கொட்டிக் கொட்டியே கடலைத் தூர்த்த தீவு அது. வருஷக்கணக்காகத் திறந்த வெளியில் எரித்துக்கொண்டிருந்தார்கள், 2021-ல்தான் அது நின்றது. 2024-ல் மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் அந்த நாட்டுக்கு வந்தார்கள். நாட்டு சனத்தொகையே சுமார் 5 லட்சம்தான். நாலு மடங்கு விருந்தாளி வந்தால் வாழை இலையை யார் எடுத்துப் போடுவது? அவர்கள் செய்த ஒரு காரியம் நமக்குப் பிடித்தது. 2015-ல் தொடங்கி, விருந்தாளிகளிடம் நாளுக்கு இவ்வளவு டாலர் என்று பசுமை வரி வாங்குகிறார்கள். பெரிய ஓட்டலுக்குக் கூடுதல், சின்ன விடுதிக்குக் குறைவு. 2025 ஜனவரியிலிருந்து அதை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். அங்கே ஊருக்கு ஊர் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் குழு உண்டு. தெருவைக் கூட்டிச் சுத்தமாக வைப்பது பல தீவுகளில் அவர்கள் பொறுப்பு. இந்தியாவாக இருந்தாலும் மாலத்தீவாக இருந்தாலும் விளக்கமாறு யார் கையில் இருக்கிறது பாருங்க!

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாறை. பவளத்துக்குள் ஒரு சின்னப் பாசி குடியிருந்து அதற்குச் சாப்பாடும் நிறமும் கொடுக்கிறது. கடல் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடச் சூடாகிச் சில வாரம் அப்படியே நின்றால் அந்தப் பாசி வெளியே போய்விடும். பவளம் வெளுத்துப்போகும், சூடு தொடர்ந்தால் பட்டினியில் சாகும். 1998-ல் மாலத்தீவில் ஆழம் குறைந்த இடங்களில் பெரும்பாலான பவளம் செத்தது. மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, 2016-ல் மறுபடியும் அடி. 2024-ல் உலகம் முழுக்க நாலாவது தடவையாக வெளுப்பு என்று அறிவித்தார்கள். பாறை போனால் மீன் போகும், புது மணல் வராது, அலை நேராகக் கரையில் வந்து அறையும். பார்க்க வந்தவர்களும் அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள், நங்கூரத்தை அதன்மேல் போடுகிறார்கள். ஒரு கால் வைத்து உடைத்த துண்டு திரும்ப வளர வருஷங்கள் ஆகும்.

கடைசியாக ஒன்று, கடன் வாங்குகிற நமக்கு இதுதான் நேரடியாகப் படவேண்டியது. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் நாட்டையே மூடினார்கள். ஜூலை 15-ல் பெரிய ஓட்டல் தீவுகளைத் திறந்துவிட்டார்கள், தனித் தீவு என்பதால் நோய் பரவாது என்று. ஊருக்குள் இருந்த விடுதிகளுக்கு அக்டோபர் 15-தான். பெரியவர்களுக்கு மூன்றரை மாசம், சின்னவர்களுக்கு ஆறரை மாசம். வீட்டுக்குள்ளேயே தொழில் என்பது இவ்வளவு காலம் பலமாக இருந்தது. அதுவே அந்த வருஷம் பலவீனமாகிவிட்டது. கடன் வாங்கி மாடி கட்டினவர்கள் அந்த ஆறரை மாசம் எப்படித் தவணை கட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்க.

பேசி முடித்ததும் ஒரு தங்கச்சி, "அப்போ கடன் குடுக்க வேண்டாம்னு சொல்றீங்களா சார்?" என்று கேட்டது. இல்லை. எங்கள் கருத்தைச் சொல்கிறோம், முடிவு பொதுக்குழு கையில்.

படகில் தீவுக்குக் கூட்டிப்போவது என்ற வரியை மனுவிலிருந்து எடுத்துவிடணும். நம் மன்னார் வளைகுடாவின் 21 பவளத்தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அதில் இரண்டு தீவு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கினால் வழக்கு. பாசி எடுக்கப் போகிற அக்காமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். வனத்துறையே கண்ணாடிப் படகு விடுகிற இடங்கள் இருக்கின்றன, அங்கே அனுப்பிவைக்கலாம்.

ரூம் கட்டுவதற்கு முன்னால் சாப்பாடு போடலாம் என்பது எங்கள் யோசனை. ஞாயிற்றுக்கிழமை நம் கரைக்கு வருகிற வேன்களும் கார்களும் மதியம் சாப்பாடு இல்லாமல் டவுனுக்குத் திரும்புகின்றன. மீன் குழம்பும் சோறும் போட 1,50,000 வேண்டாம், உள்கடனிலேயே 20,000 ரூபாயில் பாத்திரமும் நிழலுக்குக் கொட்டகையும் ஆகிவிடும். ஆள் வராத மாசத்தில் அந்தப் பாத்திரம் சும்மா கிடந்தாலும் வட்டி நம்மைக் கொல்லாது. இதைச் சொன்னதும் அந்தக் குழுவின் இன்னொரு அக்கா கோபப்பட்டார். "ரூம் கட்டினா முதலாளி, சோறு போட்டா எச்சில் எலை எடுக்குறவளா? எங்களுக்கு எப்பவும் அடுப்படிதானா?" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. மாஃபுஷியிலும் நிலமும் பணமும் இருந்தவர்கள் மாடி மேல் மாடி கட்டினார்கள், இல்லாதவர்கள் அந்த மாடியில் வேலைக்குப் போனார்கள். ஆகவே ஒரு வருஷக் கணக்கு பார்த்த பிறகு ரூம் கடனை மறுபடி எடுத்துக்கொள்வது என்று தீர்மானத்திலேயே எழுதலாம், வாய்ப் பேச்சாக விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். இன்னொரு விஷயம், ரூம் கட்டுகிற வீட்டின் பட்டா அந்த அக்காவின் கணவர் பேரில் இருக்கிறது. குழுக் கடனில் கட்டின சுவர் யாருக்குச் சொந்தம் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டு வைக்கிறோம்.

அடுத்த மாசம் இரண்டாம் சனிக்கிழமை இது ஓட்டுக்கு வருகிறது. அதற்குள் அந்தக் குழு, நாலு ஞாயிறும் கரைக்கு எத்தனை வண்டி வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை குடம் நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்று நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். குப்பையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று பஞ்சாயத்தில் கேட்டு வர வேண்டும். பிரதிநிதி அக்காவின் மகன் அந்த வாரம் லீவில் வருகிறாராம். கூட்டத்துக்கு வந்து, ரூமில் தங்குகிறவர் எதற்கெல்லாம் குறை சொல்வார் என்று நேரில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும்போது மாசி கொண்டுவருகிறாராம். மாஸ் ஹுனி பிசைந்து பார்க்கலாம், ஆளுக்கு ஒரு மூடித் தேங்காய் எடுத்து வாங்க.